கல்பாக்கம் 2003: ஒரு சாம்பிள் எடுக்கப் போனவர்கள்

எனக்குச் சொந்த ஊர் அவலூர்பேட்டை. வீட்டுக்கு யார் விருந்தாளி வந்தாலும் செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போறது சின்ன வயசுல என் வேலை. அங்கே ராஜகிரி அடிவாரத்தில் ஒரு பெரிய நெற்களஞ்சியம் இருக்கு. முகலாயத் தளபதி ஜுல்பிகர் கான் 1690-ல் தொடங்கிய முற்றுகை 1698-ல்தான் முடிந்தது. அவ்வளவு நீண்ட முற்றுகையில், உள்ளே எவ்வளவு நெல் மிச்சம், அது கெடாமல் இருக்கா என்பதுதான் உயிர்ப் பிரச்சினை. நெல்லுன்னா கவலை இல்லை, ஒரு கை அள்ளிப் பார்த்தால் தெரிஞ்சிடும்.

இன்னைக்கு நாம பேசப்போறது, கையை விட்டுப் பார்க்கவே முடியாத ஒரு களஞ்சியத்தைப் பற்றி.

எங்க ஊர்லேர்ந்து கிழக்கே கடற்கரை வரை போனால் கல்பாக்கம். அணுமின் நிலையம் எல்லாருக்கும் தெரியும். அதே வளாகத்தில் மறுசுத்திகரிப்பு ஆலை ஒன்றும் இருக்கு. எரிந்து முடிந்த யுரேனியக் கோல்களை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, புளூட்டோனியத்தையும் மிச்ச யுரேனியத்தையும் பிரித்தெடுப்பார்கள். பிரித்தது போக நிற்கும் திரவம்தான் உயர்நிலைக் கதிரியக்கக் கழிவு. சீசியம், ஸ்ட்ரான்சியம் எல்லாம் அதில்தான் இருக்கும். பக்கத்தில் நிற்கவே முடியாது. இதைத் தவிர, வீரியம் குறைந்த தாழ்நிலைக் கழிவும் வரும். இரண்டுக்கும் தனித்தனி டேங்க்.

2003 ஜனவரி 21. தாழ்நிலைக் கழிவு டேங்க்கிலிருந்து ஒரு சாம்பிள் எடுத்துவர ஊழியர்கள் போகிறார்கள். வழக்கமான வேலை. ஆனால் அதற்கு முன்பே ஒரு வால்வு பழுதாகி, உயர்நிலைக் கழிவு இந்தப் பக்கம் கலந்துவிட்டது. அது அவர்களுக்குத் தெரியாது. தெரிவதற்கு வழியும் இல்லை. ஏன்னா, அந்த இடத்தில் கதிர்வீச்சு அளக்கும் மானிட்டரும் இல்லை, வால்வு பழுதானால் எச்சரிக்கும் கருவியும் இல்லை. ஆலைக்கு வயசு சுமார் அஞ்சு வருஷம்தான்! எடுத்த சாம்பிளைச் சோதித்தபோதுதான் விஷயமே வெளிப்பட்டது. அதாவது, ஆபத்தைக் காட்டிக் கொடுத்ததே அவர்கள் கையில் தூக்கி வந்த அந்தச் சாம்பிள்தான்.

அணுசக்தி ஊழியர் ஒருவருக்கு ஒரு வருஷத்தில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 30 மில்லிசீவர்ட். பாதிக்கப்பட்ட ஆறு பேருக்குக் கிடைத்தது 280 முதல் 420 வரை.

அதற்கப்புறம் நடந்தது இன்னும் முக்கியம். முழுநேரப் பாதுகாப்பு அதிகாரி வேண்டும் என்பது உள்பட பத்துக் கோரிக்கைகளை ஊழியர் சங்கம் எழுதிக் கொடுத்தது. பதில் வரவில்லை. வேலைநிறுத்தம் செய்தார்கள், முன்னணியில் நின்ற சிலர் இடமாற்றம் செய்யப்பட்டார்கள். கடைசியில் செய்தி பத்திரிகைகளுக்குப் போன பிறகுதான், 2003 ஆகஸ்டில், பாபா அணு ஆராய்ச்சி மைய நிர்வாகம் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது. இந்திய அணுசக்தி வரலாற்றிலேயே கதிர்வீச்சு பாதிப்பில் மோசமான விபத்து இதுதான் என்றும் சொன்னது. கூடவே, ஊழியர்கள் டோசிமீட்டர் பேட்ஜ் போடவில்லை, ஆர்வக்கோளாறில் நடந்துகொண்டார்கள் என்று பழியையும் அவர்கள் மேலேயே போட்டது.

மேற்பார்வை யாரிடம் இருந்தது? 2000-ம் ஆண்டிலேயே பாபா மையத்தின் ஆலைகள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன. ஆலையை நடத்தும் மையமே பாதுகாப்பையும் பார்த்துக்கொள்ளும் என்று ஏற்பாடு.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 1957-ல் சோவியத் ரஷ்யாவின் மாயக் ஆலையில் ஒரு கழிவு டேங்க்கின் குளிரூட்டும் அமைப்பு நின்றுபோய், டேங்க் வெடித்தே விட்டது. அரசு அதை ஒப்புக்கொள்ள முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் இன்னைக்கும் பூமிக்கு அடியில் 177 டேங்க், சுமார் 21 கோடி லிட்டர் கழிவு. அறுபதுக்கும் மேற்பட்டவை கசிந்திருக்கலாம் என்று கணக்கு. அடியில் சேறு, அதுமேல் உப்புக்கட்டி, திரவம் என்று உள்ளே அடுக்கடுக்காக இருப்பதால் ஒரு கரண்டி எடுத்துப் பார்த்து முடிவு சொல்ல முடியாது. குழாய் வழியாகப் பல இடங்களில் சாம்பிள் எடுத்து, கனமான சுவருக்குப் பின்னால் இயந்திரக் கையால் சோதிக்கணும். உள்ளே இருப்பது சரியாகத் தெரிந்தால்தான் அதைக் கண்ணாடியாக உருக்கிக் கட்டியாக்க முடியும். இந்தியாவிலும் தாராப்பூர், டிராம்பே, கல்பாக்கம் ஆகிய இடங்களில் கண்ணாடியாக்கும் ஆலைகள் இருக்கின்றன.

இப்போ மறுபடி செஞ்சிக்கு வருவோம். சீசியத்தின் வீரியம் பாதியாகக் குறைய சுமார் 30 வருஷம் ஆகும். கோட்டை விழுந்த 1698-ல் ஒரு டேங்க்கை மூடி வைத்திருந்தால், அதில் இருந்த சீசியம் இப்போதுதான் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்திருக்கும். அதற்குள் இந்த மண்ணில் முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எத்தனை ஆட்சி மாறிவிட்டது! அத்தனை ஆட்சிக்கும் ஒருத்தர் விடாமல் அந்த டேங்க்கைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

அதனால்தான் அந்த ஆறு பேரின் கதை எனக்கு முக்கியமாகப் படுது. அவ்வளவு காலம் காவல் காக்க வேண்டிய பொருளுக்கு, அஞ்சாவது வருஷத்திலேயே பாதுகாப்பு கேட்டு ஊழியர்கள் போராட வேண்டியிருந்தது.