சான் அன்டோனியோவின் மிளகாய்க் குழம்பு

பிறந்த ஊரை விட்டுப் பல மாநிலங்களிலும் வந்து வாழும் நாம், நம் குழம்பையும் உடன் கொணர்ந்தோம். ஊரை விட்டு ஓரடியும் அகலாமலே அயலாராகிவிட்ட மக்களும் உலகில் உண்டு. அத்தகையோர் அடுப்பில் பிறந்த ஒரு குழம்பின் வரலாற்றை இங்குக் காண்போம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தெற்கே, மெக்சிகோவை ஒட்டி டெக்ஸாஸ் மாநிலம் உள்ளது. அங்கு 1718-இல் ஸ்பானியர் அமைத்த நகரம் சான் அன்டோனியோ. 1821-இல் மெக்சிகோ விடுதலை பெற்றபோது அது மெக்சிகோவின் நகராயிற்று. 1836-இல் டெக்ஸாஸ் தனிக் குடியரசாயிற்று. 1845-இல் ஐக்கிய நாடுகளோடு இணைந்தது. வாயிற்படி தாண்டாத மூதாட்டி ஒருத்தி, கால் நூற்றாண்டிற்குள் நான்கு கொடிகளைக் கண்டிருப்பாள். எல்லைக்கோடுதான் நகர்ந்தது, மக்கள் நகரவில்லை. எனினும் ஸ்பானிய மொழி பேசிய அவர்களுள் பலர், தம் சொந்த நகரிலேயே வறியராயும் பிறராயும் எண்ணப்படலாயினர்.

அவர்களது குழம்பின் பெயர் ‘சில்லி கான் கார்னே’. ‘இறைச்சியோடு கூடிய மிளகாய்’ என்பது பொருள். மிளகாயே தலைவன், இறைச்சி உடன் வருவது. மெக்சிகோவின் பழங்குடியினர் மொழியாகிய நவாட்டிலிருந்து வந்தது ‘சில்லி’ என்னும் சொல். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கு ஒரு சிறு வியப்பு. போர்ச்சுகீசியர் வழியே மிளகாய் நம் நாட்டிற்கு வந்தபோது, மிளகைப் போல் உறைத்த அக்காயை நாம் மிளகாய் என்றோம். ஸ்பெயின் நாட்டாரும் மிளகைக் குறிக்கும் ‘பிமியென்டா’விலிருந்தே ‘பிமியென்டோ’ என்று அதற்குப் பெயரிட்டனர். ஒருவரையொருவர் கேளாமலே இருசாராரும் ஒரே வழியிற் சென்றுள்ளனர்.

மிளகாயும் இக்குழம்போடு உண்ணும் அவரை வகையும் அமெரிக்க மண்ணிற்கே உரியவை. மாடும் சீரகமும் பூண்டும் ஸ்பானியரோடு கடல் கடந்து வந்தவை. மாட்டிறைச்சி உண்ணாதவர் நம்முள் பலர். ஆயினும் சமைக்கும் முறையை அறிவதில் தடையொன்றும் இல்லை. கழுத்து, கால் முதலிய பகுதிகளின் மலிவான, கடினமான இறைச்சியே இதற்கு ஏற்றது. அதனைச் சிறு துண்டுகளாக்கிக் கொழுப்பில் வதக்குவர். வற்றல் மிளகாயை வறுத்து, ஊறவைத்து, அரைத்த விழுதோடு பூண்டும் சீரகமும் ஓரிகானோ என்னும் மணத்தழையும் சேர்த்து, இரண்டு மூன்று மணி நேரம் சிறு தீயில் வேகவிடுவர். தசையைப் பிணைக்கும் நார் மெல்லக் கரைந்து குழம்பிற்குத் திண்மை தரும். விரைந்து சமைத்தால் இறைச்சி தோலாகவே நிற்கும். அவரையைத் தனியே வேகவைப்பது வழக்கம். வடநாட்டில் நாம் ராஜ்மா என்று வாங்குவதும் அவ்வினமே.

1877-இல் சான் அன்டோனியோவிற்குப் புகைவண்டி வந்தது, பயணிகளும் பெருகினர். நகரின் நடுவே இருந்த படைச் சதுக்கத்தில் பகலெல்லாம் காய்கறியும் வைக்கோலும் விற்கும். பொழுது சாய்ந்ததும் மெக்சிக மரபுப் பெண்கள், வீட்டில் சமைத்த குழம்பை வண்டியில் ஏற்றி வருவர். நீண்ட மேசைகள் இடப்படும், விளக்குகள் ஏற்றப்படும், விறகுத் தீயில் கலயங்கள் சூடேறும், இசைவாணர் கிதார் மீட்டுவர். மாடு மேய்ப்போரும் வணிகரும் படைவீரரும் அருகருகே அமர்ந்து விடியும் வரை உண்பர். பத்து சென்ட் கொடுத்தால் குழம்பும் அவரையும் சோள அடையும் கிடைத்தன. அப்பெண்களைச் ‘சில்லி அரசிகள்’ என்று ஊரார் அழைத்தனர். பட்டம் பெரிது, இரவெல்லாம் விழித்துப் பெற்ற வருவாய் சிறிது.

1889-இல் அச்சதுக்கத்தில் நகரமன்றக் கட்டடம் எழத் தொடங்கவே, அரசிகள் வேறு சதுக்கங்களுக்குப் பெயர்ந்தனர். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் சான் அன்டோனியோவின் பெயராலேயே ஒரு சில்லிக் கடை நடந்தது. அந்த ஆண்டுகளிலேயே வில்லியம் கெப்ஹார்ட் என்னும் ஜெர்மானியக் குடியேறி, வற்றல் மிளகாயை அரைத்துப் பொடியாக்கிப் புட்டியில் அடைத்து விற்கலானார். பொடி, ஆண்டு முழுவதும் எங்கும் கிடைத்தது. சமைத்த பெண்கள் சதுக்கத்தில் இருக்க, சுவை மட்டும் ஊரூராய்ச் சென்றது. அதனைக் குறை கூறுவதற்கில்லை. வணிகத்தின் இயல்பு அது.

1930-களில் சுகாதார விதிகள் கடுமையாயின. திறந்தவெளியில் கலயம் கழுவுதல் கூடாதென்று கடைகள் மூடப்பட்டன. தூய்மை வேண்டற்பாலதே, ஆயினும் குழாய் நீரும் கூரையும் தந்து கடைகளைக் காத்திருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது. 1939-இல் மேயராகிய மாரி மேவரிக் அவர்களை மீண்டும் அழைத்தார். அது நெடுநாள் நிலைக்கவில்லை.

கடைகள் மறைந்தபின் குழம்பின் புகழ் வளர்ந்தது. அவரை சேர்க்கலாமா என்பதே பெரும் வழக்காயிற்று. டெக்ஸாஸ்காரர் பலர் அதனைக் குற்றமாகவே கருதினர். அவ்வழக்கைத் தீர்க்க 1967-இல் டெர்லிங்குவா என்னும் பாழ்பட்ட பாதரசச் சுரங்க ஊரில், டெக்ஸாஸ் செய்தியாளர் விக் ஃபவுலரும் நகைச்சுவை எழுத்தாளர் ஆலன் ஸ்மித்தும் சமையற்போர் புரிந்தனர். மூன்றாம் நடுவர் தம் நாக்கே மரத்துவிட்டதென்று கைவிரித்ததால் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. சதுக்கத்து மேசைகளில் குழம்பையும் அவரையையும் ஒரே தட்டில் பரிமாறிய பெண்களை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை.

1977-இல் டெக்ஸாஸ் சட்டமன்றம் இக்குழம்பை மாநிலத்தின் உணவாக அறிவித்தது. படைச் சதுக்கத்தில் இன்றும் நகரமன்றக் கட்டடமே நிற்கிறது.