இத்த கயிறு

மன்னார் தோட்டவெளியில் வேதசாட்சிகள் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் பெரியப்பா வீடு. அந்த வீட்டுக் கிணற்றில் ஒருநாள் வாளி விழுந்தது. அள்ளிக்கொண்டிருந்தவன் நான். பாதிக் கிணறு ஏறி வந்த வாளி சட்டென்று கனமற்றுப் போனது, கையில் வெறுங்கயிறு. "கயிறு அறுந்திட்டுது பெரியப்பா" என்று கத்தினேன். அவர் கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த கயிற்று நுனியை வாங்கிப் பார்த்தார். புரிகளில் ஒன்று நீளம், ஒன்று கட்டை. விரலால் நிமிண்டியதும் தும்பு பொடியாக உதிர்ந்தது.

"இது அறுந்ததில்லை மகன். இத்தது."

அறுந்தது என்றால் இழுத்தவன்மேல் பிழை. இத்தது என்றால் ஒருவர்மேலும் பிழையில்லை. ஏச்சு விழாது என்பது மட்டும்தான் அன்றைக்கு எனக்கு விளங்கியது.

உப்புக்காற்று வீசும் கரையில் பொருள்கள் மெல்லச் சாவதற்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. மரம் உக்கும், வண்டு குடைந்தால் உளுத்துப்போகும். இரும்பில் கறள் ஏறும். தமிழ்நாட்டார் அதைத் துரு என்பார்கள். சீலை நையும், கயிறு இத்துப்போகும். சட்டென்று போகிறவற்றுக்கு வேறு சொற்கள்: கம்பு முறியும், பானை உடையும், கண்ணாடி வெடிக்கும். இரண்டு கூட்டத்தையும் பிரிக்க ஒரு சின்னச் சோதனை போதும். 'உக்கிக்கொண்டு வருது' என்று சொல்லிப் பாருங்கள், உறுத்தாது. 'முறிஞ்சுகொண்டு வருது' என்றால் கேட்கிறவர் சிரிப்பார். முறிவதற்கு 'வரும்' நேரம் கிடையாது.

இரண்டுக்கும் பொதுவாகப் 'பழுது' என்ற சொல்லை வைத்திருக்கிறோம். எங்கள் பக்கத்தில் மீனும் பழுதாகும், படகு மோட்டாரும் பழுதாகும். மலையாளத்தில் அதே சொல்லுக்கு ஓட்டை, இடுக்கு என்று பொருள். தமிழ்நாட்டில் இந்த இடத்தை 'ரிப்பேர்' பிடித்துக்கொண்டது. திருத்துவதற்கான ஆங்கிலச் சொல் அங்கே கெட்டுப்போனதன் பெயராகிவிட்டது. 'மோட்டார் ரிப்பேர்' என்றால் மோட்டார் ஓடவில்லை என்று அர்த்தம். இதைவிட நம்பிக்கையான பிழை ஒரு மொழியில் இருக்குமா தெரியவில்லை.

நான் தேடிப்போனது 'இத்தது' என்ற சொல்லை. காற்று காத்தானது போல, நேற்று நேத்தானது போல, இற்றது இத்தது ஆயிற்று. வேர் 'இறு'. கெடு என்பது கேடு ஆவதுபோல இறு நீண்டு 'ஈறு' ஆனது; சொல்லின் கடைசி எழுத்தை ஈறு என்று இலக்கணக்காரர் சொல்வது அதனால்தான். இறுதியும் இதே வேரில் முளைத்தது.

ஆனால் பழைய நூல்களுக்குள் போனால் இந்தச் சொல் மெல்ல நடக்கவில்லை, தெறிக்கிறது. மிதிலையில் இராமன் வில்லை எடுத்ததை அவையோர் கண்டார்கள். நாணேற்றியது கண்ணில் படுமுன்னே முறிந்த ஓசை காதில் விழுந்துவிட்டது. அந்த வேகத்துக்குக் கம்பன் எடுத்து வைத்த சொல் 'இற்றது'. பெரியப்பா பொடிந்த தும்பைப் பார்த்துச் சொன்ன அதே சொல். கண் இமைக்கும் நேரத்துக்கு இருந்த சொல், வருடக்கணக்கில் நடக்கும் வேலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த இரண்டு பொருளுக்கும் நடுவில் வள்ளுவர் நிற்கிறார். வலியறிதல் அதிகாரத்தில் மயிற்பீலி ஏற்றிய வண்டி வருகிறதே, அதன் அச்சு முறிவதற்கும் அவர் ஆண்ட சொல் இறுதான். பீலி ஒவ்வொன்றாக ஏறுகிறது. அச்சு ஒரே நொடியில் போகிறது. மெல்ல நடந்ததும் சட்டென்று நடந்ததும் ஒரே வண்டியில் இருக்கின்றன.

சொல் ஏன் இப்படித் திரும்பியது? என் ஊகம் இது. முறிந்தது என்றால் முறித்தவன் உண்டு. அறுந்தது என்றால் அறுத்தவன் உண்டு. இற்றதற்கும் ஒருகாலம் ஆள் இருந்தான்: வில்லை இறுத்தவன் இராமன். அந்த 'இறுத்தல்' இன்று வரி இறுப்பதிலும் கடன் இறுப்பதிலும் மிஞ்சிக் கிடக்கிறது. மலையாளிகள் பூவை இன்னும் 'இறுக்கிறார்கள்', காம்பு முறியப் பறிக்கிறார்கள். நம் பேச்சில் அந்தச் செய்கை போனது, செய்தவனும் போனான். செய்தவன் இல்லாத சிதைவு எது? உப்பும் வெயிலும் காலமும் செய்வது. சொல் அங்கே போய் ஒதுங்கிக்கொண்டது.

காப்புறுதிக்காரருக்கும் இந்தக் கணக்குத் தெரியும். 1906-ஆம் ஆண்டின் பிரித்தானியக் கடல்சார் காப்புறுதிச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, வழமையான தேய்மானத்துக்கு இழப்பீடு கிடையாது. அறுந்ததற்கு இறுப்பார்கள்; இத்ததற்கு இறுக்க மாட்டார்கள்.

தலைமன்னாருக்கு எதிர்க்கரையில் ஒரே பாலம் இரண்டு விதமாகவும் போனது. பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறக்கப்பட்டது. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது, பயணிகளோடு ரயிலைக் கடலில் தள்ளியது, பாலத்தின் 126 கர்டர்களைப் பிடுங்கி எறிந்தது. பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் அதைத் திரும்ப நிறுத்தினார்கள். கப்பலுக்கு வழிவிட்டுத் திறக்கும் நடுப்பகுதி மட்டும் அந்த இரவைத் தாண்டி நின்றது. பிற்பாடு கறள் தின்றது அந்த நடுப்பகுதியைத்தான். 2022 டிசம்பரில் ரயில் நின்றது. பக்கத்தில் எழுந்த புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறந்தது. புயல் இரவைப் பற்றிப் பாட்டியர் கதை சொல்வார்கள். கறள் ஏறிய வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒரு கதையும் இல்லை; எந்த நாளிலிருந்து தொடங்குவது?

பெரியப்பா கொழுக்கி கட்டி வாளியை எடுத்தார். பிறகு திண்ணையில் உட்கார்ந்து மிச்சக் கயிற்றைச் சாண் சாணாகப் பிடித்து இழுத்துப் பார்த்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது. கத்தியை வாங்கி, இத்த பக்கத்தை அறுத்து எறிந்தார்.