நிதிப் பற்றாக்குறையின் உச்சவரம்பும் கணக்கின் நேர்மையும்

அரசின் மொத்தச் செலவு, கடன் நீங்கலான வரவை மிஞ்சும் அளவே நிதிப் பற்றாக்குறை. அதைக் கடன் வாங்கித்தான் ஈடுகட்ட வேண்டும். அந்தக் கடன் அணைக்கும் ரயில் பாதைக்கும் போனால் பின்னாளில் வருமானத்துக்கு வழி உண்டு. சம்பளம், ஓய்வூதியம், மானியம், பழைய கடனின் வட்டி ஆகியவற்றுக்கே வருவாய் போதாமல் கடன் வாங்கினால், அது வருவாய்ப் பற்றாக்குறை. இரண்டில் கூடுதலாக அஞ்ச வேண்டியது பின்னதே.

இந்தியாவில் 1997 வரை ஒன்றிய அரசு ரிசர்வ் வங்கியிடம் தற்காலிகக் கருவூல உண்டியல்களைக் கொடுத்துத் தேவையான பணத்தைப் பெற்றுவந்தது. அம்முறை கைவிடப்பட்ட பின், 2003இல் நிதிப் பொறுப்புடைமை மற்றும் வரவுசெலவு மேலாண்மைச் சட்டம் நிறைவேறியது. நிதிப் பற்றாக்குறையை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதத்துக்குக் குறைப்பதும் வருவாய்ப் பற்றாக்குறையை அறவே நீக்குவதும் அதன் இலக்குகள். 2007-08இல் நிதிப் பற்றாக்குறை 2.5 சதவீதமாக இறங்கியது. அடுத்த ஆண்டே 6 சதவீதமானது. உலகப் பொருளாதார நெருக்கடி இதற்கு ஒரு காரணம். ஊதிய உயர்வு, விவசாயக் கடன் தள்ளுபடி ஆகியவையும் சேர்ந்துகொண்டன.

2007-08இன் சாதனையும் முழுமையானதன்று. அக்காலத்தில் பெட்ரோலியப் பொருள்களை அடக்க விலைக்குக் கீழே விற்ற எண்ணெய் நிறுவனங்களுக்கு அரசு ரொக்கத்துக்குப் பதில் பத்திரங்களை வழங்கியது. ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிய அந்தப் பத்திரங்கள் பற்றாக்குறைக் கணக்கில் சேரவில்லை. வட்டியையும் அசலையும் பின்வந்த அரசுகள் கட்டின. ஆட்சி மாறியும் பழக்கம் மாறவில்லை. உணவு மானியத்துக்கு உரிய தொகையை முழுமையாகத் தராமல், இந்திய உணவுக் கழகத்தைத் தேசியச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்க வைத்தார்கள். தணிக்கைத் துறை இதைச் சுட்டிக்காட்டிய பிறகும் சில ஆண்டுகள் அது நீடித்தது. 2021 பிப்ரவரி பட்ஜெட்டில்தான் அந்தக் கடன் கணக்குக்குள் வந்தது. சுமார் 1.16 லட்சம் கோடியாக மதிப்பிடப்பட்டிருந்த 2020-21ஆம் ஆண்டின் உணவு மானியம் திருத்திய மதிப்பீட்டில் 4.22 லட்சம் கோடியாக உயர்ந்தது. பெருந்தொற்றுக் கால இலவச தானியம் இதில் ஒரு பகுதியே. பெரும்பகுதி பழைய பாக்கி. அவ்வாண்டின் பற்றாக்குறை 9 சதவீதத்தைத் தாண்டியபோதும், முந்தைய ஆண்டுகளின் 3.5 சதவீதத்தைவிட அந்தக் கணக்கே உண்மைக்கு நெருக்கமானது.

கணக்கிடும் அரசே கணக்கின் எல்லையையும் வகுக்கும் வரை எந்த உச்சவரம்பும் கடனைக் குறைப்பதைவிட இடம் மாற்றவே தூண்டும். 2018இல் சட்டம் திருத்தப்பட்டபோது வருவாய்ப் பற்றாக்குறை இலக்கே நீக்கப்பட்டது. கடன் எதற்குச் செலவாகிறது என்ற கேள்வியைச் சட்டம் கைவிட்டது பெரும் பின்னடைவு. மாநிலங்களுக்கோ பிடி இறுகியது: அவற்றின் பொதுத்துறை அமைப்புகள் வாங்கும் கடனையும் மாநிலக் கடன் வரம்புக்குள் ஒன்றிய அரசு சேர்த்தது. கேரளம் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. அந்த விதி சரியானதே. ஒன்றிய அரசுக்கும் அதே கண்டிப்புடன் பொருந்தினால்தான் அது நியாயமாகும்.

இச்சட்டத்தை மறுஆய்வு செய்த என்.கே. சிங் குழு 2017இல் தன்னாட்சியுள்ள நிதி மன்றம் ஒன்றைப் பரிந்துரைத்தது. அது இன்னும் அமைக்கப்படவில்லை. இதற்கிடையே, 2031 மார்ச்சுக்குள் ஒன்றிய அரசின் கடனை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 50 சதவீதமாகக் குறைப்பது புதிய இலக்காகியுள்ளது. எந்தக் கடன் இக்கணக்கில் சேரும் என்பதை அரசுக்கு வெளியே இருந்து சரிபார்க்கும் அமைப்பு, இந்த இலக்குக்கு முன்னதாகவே வந்திருக்க வேண்டும்.