லைன், லயம், பாடி: நாடுகாணி மலையில் ஓர் ஆங்கிலச் சொல்

நீலகிரி மாவட்டக் கூடலூரிலிருந்து மேற்கே வரும் சாலை நாடுகாணியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மலையிறங்கி வழிக்கடவு வழியாக நிலம்பூர் போகிறது. மற்றது தேவாலா வழியாகப் பந்தலூர் போகிறது. இந்தச் சந்திப்பு வட்டாரத்தில் 'லைன்' என்ற ஆங்கிலச் சொல் பல பொருளில் புழங்குகிறது. மழைக்காற்றில் மின்சாரம் நின்றால் 'லைன் போயிருச்சு'. ரேஷன் கடையில் 'லைன்ல நில்லுங்க'. கைப்பேசி எடுபடாவிட்டால் 'லைன் கிடைக்கல'. தேயிலைத் தோட்டத்தில் வீடு எங்கே என்றால் 'மேல் லைன்'. முதல் மூன்றும் தமிழ்நாடு முழுதும் உள்ளவை. நான்காவது பொருள் வளர்ந்த வழியையே இக்கட்டுரை ஆராய்கிறது.

நூலிலிருந்து குடியிருப்புக்கு

இலத்தீனில் 'லீனும்' என்பது ஆளிச்செடி. அதன் நாரில் திரித்த நூல் 'லீனியா'. சுவர் எழுப்பும்முன் நம் கொத்தனார் நூல் பிடிப்பதை நினைத்தால், நூலுக்கு உரிய சொல் நேர்கோட்டைக் குறிக்க வந்தது எளிதில் விளங்கும். கோடு பின்னர் வரிசையானது. படைவீரரின் கூடாரங்களும் கொட்டடிகளும் வரிசையாக அமைந்ததால் அவை 'லைன்ஸ்' எனப்பட்டன. போலீஸ் லைன், சிவில் லைன்ஸ் ஆகிய பெயர்கள் அந்த வழக்கின் எச்சங்கள்.

19ஆம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்துத் தொழிலாளர்கள் சென்றபோது துரைமார் கட்டிக்கொடுத்த குடியிருப்பும் இதே பெயரைப் பெற்றது. நீண்ட ஒரே கூரை. ஏறக்குறைய பத்துக்குப் பன்னிரண்டு அடியில் அடுத்தடுத்து அறைகள். அறைக்கு ஒரு குடும்பம்.

அந்த வீட்டின் உறுப்புகளை அத்தொழிலாளர் வழிவந்த மலையகத் தமிழர் அழைத்த பெயர்கள் கவனிக்கத்தக்கவை. குடியிருப்பு 'லயம்': ஆங்கிலம் தந்தது. அறை 'காம்பரா': போர்த்துக்கீசியம் தந்தது. முன் திண்ணை 'இஸ்தோப்பு': டச்சு தந்தது. இலங்கையை ஆண்ட மூன்று ஐரோப்பியரும் ஒரு தொழிலாளியின் வீட்டில் ஆளுக்கொரு சொல்லை விட்டுச்சென்றிருக்கிறார்கள். அதே தொழிலாளி கொழுந்து பறிக்கும் செடிவரிசைக்கு மட்டும் 'நிரை' என்ற தமிழ்ச்சொல்லே நிலைத்தது. பேச்சில் அது 'நெரை'. வயலும் வரப்பும் அறிந்தவர்களிடம் செடிவரிசைக்குச் சொல் இருந்தது. பிறர் திட்டமிட்டு எழுப்பிய அறைவரிசைக்கு, கட்டியவரின் சொல்லே ஒட்டிக்கொண்டது என்பது என் கருத்து.

லைன் லயமான விதம்

இந்த மாற்றம் தமிழ் இலக்கண வழியிலேயே நடந்தது. ஐகாரத்துக்கு ஈடாக அகரமும் யகர மெய்யும் நிற்கலாம் என்பது தொல்காப்பியர் அறிந்த செய்தி. ஐயர், அய்யர் என இரு விதமாகவும் இன்றும் எழுதுகிறோம். அவ்வாறு லைன் 'லய்ன்' ஆகி, உச்சரிப்பு எளிமைக்காக இடையே அகரம் பெற்று 'லயன்' ஆனது. அடுத்தது கடைப்போலி. நிலம் நிலன் என்றும், கலம் கலன் என்றும் வருவதுபோல, லயனும் லயமும் ஒன்றாகக் கொள்ளப்பட்டன. குதிரை லாயம் இங்கே நினைவுக்கு வரலாம். ஆனால் இந்தச் சொல்லை விளக்க அது தேவையில்லை. இசையின் லயத்துக்கும் இதற்கும் உறவில்லை.

மகர ஈறு பெற்றதும் சொல் முழுக்கத் தமிழாயிற்று. மரம் 'மரத்து' ஆவதுபோல, லயம் 'லயத்து' என அத்துச் சாரியை ஏற்றது. தி. ஞானசேகரனின் நாவல் தலைப்பான 'லயத்துச் சிறைகள்' இதற்குச் சான்று. தமிழ்த் தொழிலாளர் நிறைந்த இடுக்கி மலைத்தோட்டங்களிலும் லயம் வழங்குகிறது. 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடி நிலச்சரிவில் புதையுண்ட குடியிருப்புகளைக் கேரள நாளிதழ்கள் லயங்கள் என்றே எழுதின.

நாடுகாணியில் மூன்று சொற்கள்

கூடலூர், பந்தலூர் பகுதி 1877 வரை மலபாரின் வயநாட்டோடு இருந்து, அதன்பின் நீலகிரியில் சேர்க்கப்பட்டது. எனவே வயநாட்டுத் தோட்டங்களைப் போல இங்கும் தொழிலாளர் குடியிருப்பு 'பாடி' எனப்படுகிறது. பழந்தமிழில் பாடி என்பதற்கு ஊர், முல்லைநிலக் குடியிருப்பு என்பவற்றோடு படை தங்குமிடம் என்ற பொருளும் உண்டு. ஆங்கிலேயர் பாசறையிலிருந்து எடுத்த லைனும், பாசறைப் பொருளுடைய பாடியும் ஒரே தோட்டக் குடியிருப்புக்குப் பெயராகியிருப்பது வியப்பளிக்கிறது.

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. 1974 உடன்பாடு மேலும் 75,000 பேரைச் சேர்த்தது. தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காக 1968இல் வனத்துறையின் கீழ்த் தொடங்கிய தேயிலைத் திட்டமே டான்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனமாக வளர்ந்தது. சேரம்பாடி, நெல்லியாளம், தேவாலாத் தோட்டங்களுக்கு அவர்கள் வந்தபோது லயமும் கூடவே வந்தது.

இங்கே ஏற்கெனவே பாடி இருந்தது. லைன் என்ற ஆங்கில வடிவமும் இருந்தது. ஆங்கில வடிவம் மாறாததற்குக் காரணம் உண்டு. மின்கம்பியும் தொலைபேசியும் ரேஷன் வரிசையும் 'லைன்' என்ற உச்சரிப்பை நாள்தோறும் புதுப்பித்தன. திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர் வாடகைக்கு எடுக்கும் 'லைன் வீடு' அந்த வடிவத்துக்கு மேலும் வலுவூட்டியது. இலங்கைத் தோட்டத்திலோ தலைமுறைகளாக அடைபட்டவர்களின் வாயில் அச்சொல் தன் மூலத்தை மறந்து வளர்ந்தது. ஒரே சொல் ஒரு கரையில் கடனாகவும், மறுகரையில் உடைமையாகவும் ஆனது இப்படித்தான்.

ஆகவே லயத்தை ஆங்கிலச் சொல்லின் சிதைவு என்பது பொருந்தாது. சாரியை ஏற்று வேற்றுமை ஏற்கும் தமிழ்ச்சொல் அது. 1970இல் இருபது வயதில் கப்பலேறி வந்தவருக்கு இன்று எழுபத்தைந்து கடந்துவிட்டது. அவர் பேச்சில் லயமும் காம்பராவும் இஸ்தோப்பும் இன்னும் உயிரோடிருக்கின்றன. பேரப்பிள்ளைகள் 'லைன் வீடு' என்கிறார்கள். நாடுகாணி, தேவாலாப் பள்ளி ஆசிரியர்களும் மொழித்துறை மாணவர்களும் அந்தச் சொற்களை இப்போதே குரலோடு பதிவுசெய்ய வேண்டும்.