விண்வெளிக்கு ஓசி டூர்... ஒருவருக்கு சிலிர்ப்பு, இன்னொருவருக்கு குமட்டல்! விஆர் டெமோவில் நடப்பது என்ன?

ஒரே விஆர் டெமோ. ஒருவர் 'வாவ்' என்று வாய் பிளக்கிறார். இன்னொருவர் இரண்டே நிமிடத்தில் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு தண்ணீர் கேட்கிறார். ஏன் இப்படி?

இதைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம், 2013-ல் இலவசமாக வெளியான 'டைட்டன்ஸ் ஆஃப் ஸ்பேஸ்'. 'ட்ராஷ்விஆர்' என்ற பெயரில் இயங்கும் தனி டெவலப்பர் உருவாக்கியது. 2012-ல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டிய ஆக்குலஸ் நிறுவனம், டெவலப்பர்களுக்காக 300 டாலருக்குக் கொடுத்த 'டிகே1' ஹெட்செட்டில்தான் இது முதலில் ஓடியது.

சண்டை இல்லை, எதிரி இல்லை, பாயின்ட்ஸும் இல்லை. சின்ன விண்கலத்தில் உட்கார்ந்து கோள்களைச் சுற்றிப் பார்க்கலாம், அவ்வளவுதான். 'இதெல்லாம் ஒரு கேமா?' என்று கேட்பவர்களுக்கு இது சரிப்பட்டு வராது.

பிறகு என்ன ஸ்பெஷல்? சைஸ்தான். கோள்கள் எல்லாம் பத்து லட்சத்தில் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டிருக்கும். நிலா சுமார் மூன்றரை மீட்டர், பூமி கிட்டத்தட்ட 13 மீட்டர், அதாவது நாலு மாடிக் கட்டடம். அதைப் பார்த்துவிட்டு வியாழனுக்குப் போனால், 140 மீட்டர் உருண்டை முகத்துக்கு நேராக நிற்கும். சூரியன் 1,390 மீட்டர்! அதோடும் முடியாது. விஒய் கேனிஸ் மேஜோரிஸ் போன்ற ராட்சத நட்சத்திரத்தின் பக்கத்தில் அந்தச் சூரியனே சுண்டைக்காய். பாடப்புத்தகத்தில் எண்ணாகப் படித்ததை கழுத்தை அண்ணாந்து பார்க்கும்போதுதான் அந்தச் சிலிர்ப்பு வருகிறது. சிலருக்கு பயமும் வரும். அதுவும் இயல்புதான்.

தலை சுற்றுவது ஏன்?

நாம் நகர்கிறோமா, இல்லையா என்பதை கண்ணும் சொல்லும், உள்காதும் சொல்லும். விஆரில் கண் 'பறக்கிறோம்' என்கிறது. காதோ 'சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம்' என்கிறது. இரண்டும் முரண்பட்டால் மூளை குழம்பும், வயிறு புரட்டும். பஸ்ஸில் போன் பார்த்தால் சிலருக்கு வாந்தி வருகிறதே, அதற்கு நேர் தலைகீழ் கதை இது.

டிகே1-ல் இன்னொரு சிக்கலும் இருந்தது. தலையைத் திருப்பினால் காட்சி திரும்பும். ஆனால் முன்னால் குனிந்தால் அது ஹெட்செட்டுக்குத் தெரியாது. கிரகமும் கூடவே நகர்கிற மாதிரி இருக்கும். திரையும் 1280x800 பிக்சல்தான், அதையும் இரண்டு கண்ணுக்கும் பாதிப் பாதி. கொசுவலை வழியாகப் பார்ப்பது போல இருக்கும். 2014-ல் வந்த 'டிகே2' தலை நகர்வதை கேமரா மூலம் கண்டுபிடித்ததால், கோளை எட்டிப் பார்ப்பதும் சாத்தியமானது.

இத்தனை குறைகளுக்கு நடுவிலும் இந்த டூரை பலரால் தாக்குப்பிடிக்க முடிந்ததற்கு விண்கலத்தின் கேபின் ஒரு காரணம். சுற்றிலும் அசையாத சட்டம் இருந்தால் கண்ணுக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். விண்வெளி பெரும்பாலும் காலியான கருப்பு என்பதால், பக்கவாட்டில் மரமோ சுவரோ சர்ரென்று ஓடுவதும் இல்லை. அதே 2013-ல் சிசிபி நிறுவனம் காட்டிய 'இவிஆர்' டெமோவும் விண்வெளிதான், கேபினும் உண்டு. ஆனால் அது போர் விமானச் சண்டை. கலம் குட்டிக்கரணம் போடும்போது கேபின் மட்டும் காப்பாற்றாது.

முதல்முறை விஆர் பார்ப்பவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி, மெதுவாக நகரும் டெமோவில் தொடங்குவது நல்லது. வியர்த்தாலோ வாயில் எச்சில் ஊறினாலோ உடனே கண்ணை மூடி ஹெட்செட்டைக் கழற்றிவிடுங்கள். 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் மணிக்கணக்கில் அவஸ்தைப்பட வேண்டியிருக்கும்.