விண்டோஸுக்கு மட்டும் வேலை செய்த மோடம்

1990களின் கடைசியில் லினக்ஸை முதன்முதலாக நிறுவிப் பார்த்தவர்கள் பலருக்கு ஒரே மாதிரி அனுபவம்தான். திரை வரும், விசைப்பலகையும் மவுஸும் வேலை செய்யும், வன்தட்டு தெரியும். ஆனால் இணையம் மட்டும் வராது. காரணம், கணினியோடு சேர்ந்து வந்த டயல்-அப் மோடம். அதே மோடம் விண்டோஸில் ஒழுங்காக 'கீ...ங்' என்று கத்தி இணைப்பைக் கொடுக்கும். லினக்ஸில் அப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியாது!

பிழை லினக்ஸிடமா, மோடத்திடமா? இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மோடம் என்றால் என்ன?

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. கணினியின் 0, 1 ஆகியவற்றை ஒலியாக மாற்றி அந்தக் கம்பியில் அனுப்புவதும், வரும் ஒலியைத் திரும்ப 0, 1 ஆக்குவதும் மோடத்தின் வேலை. 1981ல் ஹேய்ஸ் நிறுவனம் 'ஸ்மார்ட்மோடம்' என்ற கருவியை வெளியிட்டது. வேகம் நொடிக்கு 300 பிட் மட்டுமே. ஆனால் அது கொண்டுவந்த ஒரு பழக்கம் நிலைத்துவிட்டது. கணினி அதற்குச் சாதாரண எழுத்துக்களில் கட்டளை கொடுக்கலாம். 'ஏடி' என்று தொடங்கினால் மோடம் கவனிக்கும். 'ஏடிடிடி' என்று எழுதி எண்ணைக் கொடுத்தால் டயல் செய்யும். 'ஏடிஹெச்' என்றால் இணைப்பைத் துண்டிக்கும்.

மற்ற நிறுவனங்களும் இதே கட்டளைகளைப் பின்பற்றின. எனவே எந்த இயங்குதளமாக இருந்தாலும் கவலை இல்லை. சீரியல் போர்ட்டில் நான்கு எழுத்து அனுப்பத் தெரிந்தால் போதும். 1991ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கியபோதும் நிலைமை இதுதான். சீரியல் போர்ட்டில் செருகும் வெளிப்புற மோடத்துக்கு லினக்ஸில் தனி டிரைவர் எதுவும் தேவைப்படவில்லை.

விலை குறைந்தது, வேலை இடம் மாறியது

ஒரு முழுமையான மோடத்துக்குள் இரண்டு முக்கியப் பகுதிகள் இருந்தன. ஒன்று, ஏடி கட்டளைகளைப் புரிந்துகொண்டு பிழை திருத்தத்தையும் தரவுச் சுருக்கத்தையும் கவனிக்கும் கட்டுப்பாட்டுச் சிப். மற்றொன்று, ஒலி அலைகளைக் கணக்கிடும் சிப். 1990களின் நடுவில் பென்டியம் கணினிகள் பரவியதும் தயாரிப்பாளர்களுக்கு ஒரு யோசனை வந்தது. கணினிக்குள்ளேயே வேகமான ப்ராசசர் இருக்கும்போது மோடத்துக்கு எதற்குத் தனிச் சிப்?

முதலில் கட்டுப்பாட்டுச் சிப் போனது. பிறகு சில மாடல்களில் ஒலியைக் கணக்கிடும் சிப்பும் போனது. மிஞ்சியது தொலைபேசிக் கம்பியோடு இணைக்கும் சிறு மின்சுற்று மட்டும். மற்ற எல்லாவற்றையும் விண்டோஸில் ஓடும் ஒரு மென்பொருள் செய்தது. 'வின்மோடம்' என்பது யூ.எஸ். ரோபோடிக்ஸ் நிறுவனத்தின் வணிகப் பெயர். நாளடைவில் இந்த வகை மோடம் எல்லாவற்றுக்கும் அதுவே பொதுப் பெயராகிவிட்டது.

வணிகக் கணக்கில் பார்த்தால் இது சரியான முடிவு. சிப் ஒவ்வொரு மோடத்துக்கும் ஒருமுறை வாங்க வேண்டும். மென்பொருளோ ஒருமுறை எழுதினால் போதும், லட்சம் பிரதி எடுக்கலாம். கணினி விற்பவர்களும் விலையைக் குறைக்க இதையே உள்ளே பொருத்தினார்கள். ஆனால் அந்தச் சேமிப்பில் ஒரு நிபந்தனை ஒளிந்திருந்தது. அந்த மென்பொருள் இல்லாவிட்டால் மோடம் வெறும் அட்டை. மென்பொருளோ விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டது, அதன் மூல நிரலும் வெளியே வரவில்லை.

நிறுவனங்கள் தயங்கியதற்குக் காரணங்கள் உண்டு. போட்டியாளர்கள் பார்த்துவிடுவார்கள் என்ற பயம் ஒன்று. காப்புரிமை இன்னொன்று. வி.42பிஸ் என்ற தரவுச் சுருக்க முறை ஒன்றின்மேல் மட்டுமே பல நிறுவனங்கள் காப்புரிமை வைத்திருந்தன.

ஆர்வலர்கள் என்ன செய்தார்கள்?

மோடம் வேலை செய்ய டிரைவர் வேண்டும். டிரைவரைப் பதிவிறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு மோடம் வேலை செய்ய வேண்டும்! விண்டோஸுக்குத் திரும்பிப் போய்ப் பதிவிறக்கி, 1.44 மெகாபைட் ஃபிளாப்பியில் போட்டு லினக்ஸுக்குக் கொண்டுவருவதுதான் வழக்கம்.

'லின்மோடம்ஸ்' என்ற பெயரில் ஆர்வலர்கள் கூடினார்கள். எந்த அட்டையில் எந்தச் சிப் இருக்கிறது என்று கண்டுபிடித்துப் பட்டியலிட்டார்கள். பெட்டியின்மேல் இருக்கும் பெயரை நம்ப முடியாது, உள்ளே இருக்கும் சிப்பின் எண்தான் முக்கியம் என்பது அவர்கள் சொல்லித்தந்த முதல் பாடம். பின்னாளில் எஃப்எஃப்எம்பெக், கியூஎமு ஆகியவற்றால் புகழ்பெற்ற ஃபாப்ரிஸ் பெல்லார்ட், முழுக்க மென்பொருளால் ஆன ஒரு திறந்த மூல மோடத்தையே எழுதிப் பார்த்தார்.

நிறுவனங்கள் மூன்று விதமாக நடந்துகொண்டன. ஐபிஎம் தன் திங்க்பேட் மடிக்கணினிகளில் இருந்த எம்வேவ் மோடத்துக்கான கெர்னல் டிரைவரைத் திறந்த மூலமாகவே தந்தது. லூசென்ட் தன் மோடத்துக்கு ஒரு டிரைவர் கொடுத்தது, ஆனால் அதன் முக்கியப் பகுதி மூடிய நிரல். அதைச் சுற்றி ஒரு திறந்த உறையை எழுதி, புதுப்புது கெர்னல்களில் ஓட வைத்தவர்கள் தன்னார்வலர்கள்.

மூன்றாவது வழி கட்டணம். கோனெக்ஸன்ட் சிப்களுக்கு லினக்ஸன்ட் என்ற நிறுவனம் டிரைவர் விற்றது. இலவசப் பதிப்பின் வேகம் 14.4 கிலோபிட் மட்டும். 56 கிலோபிட் வேண்டுமென்றால் காசு. கணக்குப்படி 1 மெகாபைட் கோப்பு 56ல் சுமார் இரண்டரை நிமிடத்தில் இறங்கும், 14.4ல் ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். தொலைபேசிக் கட்டணம் நிமிடக் கணக்கில் ஓடும் ஊர்களில் இந்த வித்தியாசம் சிறியதல்ல.

ஒரு பூஜ்யத்தின் கதை

2001 முதல் லினக்ஸ் கெர்னல் ஒரு வழக்கத்தைக் கொண்டிருந்தது. மூடிய நிரலை ஏற்றினால் 'கறைபட்டது' என்று தன்னைத்தானே குறித்துக்கொள்ளும். பார்க்க முடியாத நிரலால் வரும் கோளாறைக் கெர்னல் எழுதுபவர்களால் திருத்த முடியாது என்பதே காரணம். ஒவ்வொரு டிரைவரும் தன் உரிமத்தைத் தானே சொல்ல வேண்டும்.

லினக்ஸன்ட் டிரைவர் தன் உரிமத்தை 'ஜிபிஎல்' என்று எழுதி, உடனே ஒரு பூஜ்ய எழுத்தை வைத்து, அதற்குப் பின்னால் நிபந்தனைகளை எழுதியிருந்தது. சி மொழியில் பூஜ்ய எழுத்து வந்தால் வாக்கியம் முடிந்தது என்று பொருள். ஆகவே கெர்னல் முதல் மூன்று எழுத்தை மட்டும் படித்து, இது கட்டற்ற மென்பொருள் என்று நம்பியது. 2004 ஏப்ரலில் இது வெளியே தெரிந்தபோது கெர்னல் குழுவில் பெரிய சண்டை. டிரைவரில் பல பகுதிகள் இருப்பதால் எச்சரிக்கை பலமுறை வந்து பயனர்களைக் குழப்புகிறது, அதைத் தவிர்க்கவே அப்படிச் செய்தோம் என்று நிறுவனத் தரப்பு விளக்கம் தந்தது. காரணம் எதுவாக இருந்தாலும், கெர்னலிடம் சொல்லப்பட்டது முழு உண்மை அல்ல.

டிரைவர் கிடைத்த பின்னும் வேலை முடியாது. 'டபிள்யூவிடயல்' என்ற நிரல் எந்தப் போர்ட்டில் மோடம் இருக்கிறது என்று தேடும். டயல் டோனை அடையாளம் காணாமல் மோடம் அடம்பிடித்தால் 'ஏடிஎக்ஸ்3' என்று கட்டளை கொடுக்க வேண்டும், டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும். இணைப்பு கிடைத்தும் உள்ளே நுழைய முடியாவிட்டால் அமைப்புக் கோப்பில் 'ஸ்டுபிட் மோட்' என்ற வரியைச் சேர்க்க வேண்டும். பெயர் உண்மையிலேயே அதுதான்!

யார் மிஞ்சினார்கள்?

அகலப்பட்டை வந்ததும் டயல்-அப் மெல்ல மறைந்தது. அமெரிக்காவில் ஏஓஎல் நிறுவனம் தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30ல் நிறுத்தியது. லூசென்டின் மோடம் சிப் பிரிவு அகியர் ஆகித் தனியே பிரிந்து, 2007ல் எல்எஸ்ஐ நிறுவனத்தோடு சேர்ந்தது. மூடிய பகுதியைப் புதுப்பிக்க ஆள் இல்லாததால் அந்த டிரைவர் பழைய கெர்னல்களோடு நின்றுபோனது.

ஆனால் 1990களின் வெளிப்புற சீரியல் மோடம் ஒன்றை இன்றைய லினக்ஸில் செருகினாலும் பேச முடியும், ஏனென்றால் அது பேசும் மொழி எல்லாருக்கும் தெரிந்த மொழி. கைபேசி மோடம்கள் வரை அந்த ஏடி கட்டளைகள் வந்திருக்கின்றன.

கடையில் வின்மோடம் மலிவு, வெளிப்புற மோடம் விலை அதிகம். சில வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தால் நிலைமை தலைகீழ். காசு கொடுத்து வாங்கிய பொருள் எத்தனை நாள் உழைக்கும் என்பதை வாங்கியவர் முடிவு செய்வதா, அதன் மென்பொருளைப் பூட்டி வைத்திருப்பவர் முடிவு செய்வதா? இன்று பிரிண்டர், கைபேசி, தொலைக்காட்சி என்று எதை வாங்கினாலும் இதே கேள்வி கூடவே வருகிறது. அடுத்த முறை விலைப்பட்டியலைப் பார்க்கும்போது இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.