மூன்றாம் எண் விதி

ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1958ல் போட்ட முதல் ஒழுங்குவிதி, எந்தெந்த மொழிகளில் அலுவல் நடத்துவது என்பதைப் பற்றியது. மூன்றாவது விதியே எல்லை தாண்டும் தொழிலாளியின் காப்பீடு. வேளாண் கொள்கைகூட 1962 வரை காத்திருந்தது. அப்படி என்ன அவசரம்? கருணையெல்லாம் இல்லை. நிலக்கரி.

போருக்குப் பிறகு பெல்ஜியக்காரர்களே சுரங்கத்தில் இறங்கத் தயங்கினார்கள். 1946 ஜூனில் இத்தாலியோடு ஒப்பந்தம் போட்டார்கள்: நீங்கள் 50,000 பேரை அனுப்புங்கள், நாங்கள் கரி தருகிறோம். ஆளுக்குக் கரி என்று பச்சையாகவே சொல்லலாம். 1956 ஆகஸ்ட் 8 அன்று மார்சினெல் சுரங்கத் தீயில் 262 பேர் இறந்தார்கள். அதில் 136 பேர் இத்தாலியர்கள்.

மறுவருடம் ரோம் உடன்படிக்கை. தொழிலாளி எங்கும் போகலாம் என்று எழுதியாயிற்று. சரி, சிசிலியில் சந்தா கட்டியவன் ஷார்லெருவாவுக்கு வந்த மறுவாரமே படுத்துவிட்டால்? “நீ இங்க புதுசு, இன்னும் மாசக்கணக்கு சேரலையே” என்று கைவிரித்தால் எவன் கிளம்பி வருவான்? அதனால் இரண்டு நாட்டுக் கணக்கையும் கூட்டிக்கொள்ளச் சொன்னது மூன்றாம் எண் விதி. ஊரில் இருக்கும் பெண்டாட்டி பிள்ளைக்கும் வைத்தியம் உண்டு. செலவை நாடுகள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் இந்த விதி சட்டங்களைக் கோத்ததே தவிர ஒன்றாக்கவில்லை. எது நோய் என்று முடிவுசெய்வது அந்தந்த நாட்டின் வேலை. சுரங்கத் தூசு நுரையீரலில் படியும் சிலிக்கோசிஸைத் தொழில்நோய் என்று இத்தாலி 1943லேயே ஏற்றுக்கொண்டது. அந்தத் தூசைச் சுவாசிக்க வைத்த பெல்ஜியம் ஏற்க 1960கள் ஆயின. அதுவரை இருமியவனுக்கு எந்தக் கணக்கைக் கூட்டி என்ன?

நாற்பது வருடம் கழித்து வழக்கு வேறு மாதிரி வந்தது. லக்சம்பர்க்கைச் சேர்ந்த கோல் என்பவர், மகளின் பல்வரிசையைச் சீராக்கப் பக்கத்து ஜெர்மன் ஊரான ட்ரியருக்குக் கூட்டிப்போக அனுமதி கேட்டார். அவசரமில்லை, இங்கேயே செய்யலாம் என்று மறுத்தது காப்பீட்டு நிதியம். டெக்கர் என்பவர் பெல்ஜியத்தின் ஆர்லோனில் மூக்குக்கண்ணாடி வாங்கினார். முன்அனுமதி இல்லை, காசும் இல்லை என்றார்கள். 1998 ஏப்ரல் 28 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் இருவர் பக்கமும் தீர்ப்புச் சொன்னது. கண்ணாடி ஜெயித்தது சரக்காக. பல் வைத்தியம் ஜெயித்தது சேவையாக. சுரங்கத்தொழிலாளி இருந்த இடத்தில் இப்போது வாடிக்கையாளர். எனக்கு இதில் முழுச் சந்தோஷம் இல்லை. ட்ரியரில் எவ்வளவு பில் வந்தாலும் லக்சம்பர்க் கட்டண அளவுக்குத்தான் பணம் திரும்பும். மிச்சம் அப்பா கையிலிருந்து.